கறிக்கு நாலு சூடை

வேலைவாய்ப்பு நிலையத்தின் கம்ப்யூட்டர் திரையை யசிந்தாவின் பக்கம் திருப்பிவிட்டு, "உது நீர்தானே?" என்று கேட்டாள் தர்சிகா மிஸ்.

யசிந்தா மேசையில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். அவளேதான். நைற்றியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தலைமயிர் நாலு பக்கமும் பறக்க, கரையில் மீன்பிடிக்கிற சிமியோனின் போட் கயிற்றைப் பிடித்து இழுத்தபடி நிற்கிறாள். பக்கத்தில் இன்னொரு படம். அதில் அவள் வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். கையில் சொப்பிங் பை, பைக்குள் மீன் வால்கள் தெரிகின்றன.

"ஓம் மிஸ், நான்தான். ஆர் எடுத்தது? எடுக்கப் போறம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் தலையையாவது வாரி இழுத்திருப்பனே" என்று சொல்லிச் சிரித்தாள்.

தர்சிகா மிஸ் சிரிக்கவில்லை. அவளுக்கு முப்பது வயதும் இராது. நாற்பத்தாறு வயதுப் பெண்ணைப் பார்த்து நீர், உமக்கு என்று கதைக்கிற பழக்கம் அந்தக் கதிரையோடு சேர்ந்து வந்ததாக்கும்.

"வேலையில்லை எண்டு சொல்லிக் கொடுப்பனவு எடுத்துக்கொண்டு நீர் கரையிலை வேலை செய்யிறீர். கூலியா மீன் வாங்கிறீர். வருமானத்தை மறைச்சதுக்காக உம்மடை கொடுப்பனவை நிப்பாட்டியிருக்கு."

யசிந்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது மேசையிலிருந்து விறுக்கென்று நிமிர்ந்தாள். கூலியாம்! நாலு சூடை மீன் கூலியாம்!

வல்வெட்டித்துறையிலிருந்து கிழக்கே போனால் வருகிற அந்தச் சின்ன அந்தோனியார் கோயில் கரையில் இதைப் போய்ச் சொன்னால் சொன்னவரை விசர் என்பார்கள். அங்கே கடலால் போட் வந்தால் கரையில் நிற்கிற ஆள் கயிறு பிடிப்பார். யார் நிற்கிறார் என்ற பேச்சே இல்லை. பூசை முடித்து வருகிற சாமியும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து பிடிப்பார். தபால்காரர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுத் தோள் கொடுப்பார். போட்டை மணலில் ஏற்றி முடிந்ததும் போட்காரர் மீன்பெட்டிக்குள் கையை விட்டுக் கயிறு பிடித்தவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுப்பார். நல்ல மீன்பாடு என்றால் பாரைத் துண்டு, இல்லையென்றால் நாலு சூடை. ஒன்றுமே படாத நாளில் கையை விரித்துக் காட்டுவார், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. வேண்டாம் என்று சொன்னால்தான் போட்காரருக்குப் பொல்லாத கோபம் வரும்.

முந்திப் பெண்கள் கயிறு தொடுவது குறைவு. இப்போது அந்தக் கரையின் இளந்தாரிகளில் பாதிப்பேர் கனடாவில், மீதிப்பேர் கட்டாரில். போட்டை யார் இழுப்பது, வானத்திலிருந்து சம்மனசுகள் இறங்கி வந்தா? பெண்கள் இழுக்கிறார்கள், கிழவர்கள் இழுக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

"மிஸ், அது கூலியில்லை. அது கறிக்குக் குடுக்கிறது" என்றாள் யசிந்தா.

"கறிக்கோ குழம்புக்கோ, வேலை செய்தனீர், மீன் வாங்கினனீர். படம் இருக்கு."

மூலையில் இருந்த மேசையில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தான். ஜெயதீபன். களப் பரிசோதகர் என்று கழுத்தில் அட்டை தொங்கியது. அவன்தான் படமெடுத்தவன் என்று அவன் குனிந்திருந்த விதத்திலேயே யசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கோப்பாய்ப் பொடியன். தகப்பன் ஏரம்புவுக்கு வெங்காயத் தோட்டம். கடல் காற்றுப் படாத இடத்தில் வளர்ந்தவன்.

"தம்பி, நீர்தானே எடுத்தனீர்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். கெட்ட முகம் இல்லை. "அம்மா, எங்கடை தோட்டத்திலை வெங்காயம் கிளப்ப வாற ஆக்களுக்குப் பின்னேரம் கூலி குடுத்துத்தான் விடுவம். வேலை செய்தால் கூலி. காசாக் குடுத்தாலென்ன, வெங்காயமாக் குடுத்தாலென்ன? உதுவும் அப்பிடித்தானே?"

"அப்ப, கிளப்பின வெங்காயம் வெளியிலை கிடக்கேக்கை மழை வந்தால்? அயலட்டை ஓடிவந்து அள்ளித் தராதோ? அவையளுக்குக் கொய்யா ரெண்டு பிடுங்கிக் குடுத்தால் அதுவும் கூலியோ?"

அவன் தர்சிகா மிஸ்ஸைப் பார்த்தான். தர்சிகா மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

இந்த இடத்துக்கு யசிந்தா எப்படி வந்து சேர்ந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், வயிறு எரிந்தாலும். அவள் சோம்பேறியாகக் கைநீட்ட வந்தவள் அல்ல. நண்டும் கணவாயும் துப்புரவாக்கிப் பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு ஏற்றுகிற கொம்பனியில் ஐஸ் தண்ணீருக்குள் கையை வைத்தபடி எத்தனையோ வருடம் நின்றவள். விரல் நுனி எல்லாம் நண்டு முள் குத்திக் காய்த்துப் போனவள். ஒருநாள் காலை வேலைக்குப் போனால் கேற்றில் புதுப் பூட்டு. முதலாளி போனில் செய்தி அனுப்பியிருந்தார், கொம்பனி மூடியாச்சு, மன்னிக்கவும் என்று. அவர் கொழும்புக்குப் போனார், போனவர் போனவர்தான். அவரைத் தேடி ஒரு பரிசோதகரும் போகவில்லை.

வேலை இழந்த பெண்களுக்கு அரசாங்கம் உதவிக் கொடுப்பனவு தரும் என்றார்கள். சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பொறுப்பை நகரத்தில் உள்ள 'படிக்கட்டு' என்ற தனியார் வேலைவாய்ப்பு நிலையத்திடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது சனியன். கிழமைக்கு ஒருதரம் பஸ் ஏறி வந்து கையெழுத்து வைக்க வேண்டும். பஸ் பிந்தினால் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி. வேலை கேட்டுப் போகிற இடத்தில் எப்படிச் சிரிப்பது, எப்படிக் கதிரையில் இருப்பது என்று வகுப்பு வைப்பார்கள், வராவிட்டால் சிவப்புப் புள்ளி. அவர்கள் காட்டுகிற வேலையை மாட்டேன் என்றால் சிவப்புப் புள்ளி. என்ன வேலை காட்டினார்கள் தெரியுமா? நீர்கொழும்பு ஹோட்டலில் கட்டில் விரிக்கிற வேலை, அங்கேயே தங்க வேண்டும். வாதத்தில் ஒரு பக்கம் இழுத்துப்போய்க் கட்டிலில் கிடக்கிற புருசன் கனிசியஸை யார் தூக்கி இருத்துவது என்று கேட்டாள் யசிந்தா. அதற்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார்கள், பாவிகள்.

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. யாராவது ஒருவரை வேலைக்கு அனுப்பினால் படிக்கட்டுக்குக் காசு. யாராவது ஒருவரின் கொடுப்பனவை வெட்டினாலும் படிக்கட்டுக்குக் காசு. எது சுலபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

தர்சிகா மிஸ் குரலை இறக்கி, ஏதோ நன்மை செய்கிறவள் போலச் சொன்னாள். "ஒண்டு செய்யலாம். சிமியோன் எண்டவர் உம்மை வேலைக்கு வைச்சிருந்தவர், கூலிக்கு மீன் தந்தவர் எண்டு எழுதிக் கையெழுத்து வையும். பிழையை ஒப்புக்கொண்டவருக்கு வாற மாசத்திலையிருந்து திருப்பித் தரலாம்."

"சிமியோன் அண்ணைக்கு என்ன நடக்கும்?"

"அதை வேறை ஆக்கள் பாப்பினம். பதியாமல் ஆள் வைச்சு வேலை வாங்கினதுக்குத் தண்டம் வரும், எண்ணெய் மானியமும் போகக்கூடும்."

யசிந்தா எழும்பி நின்றாள்.

"மிஸ், என்ரை மனுசனுக்கு இழுத்த அண்டைக்குக் கடலிலையிருந்து தோளிலை தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியிலை போட்டது சிமியோன் அண்ணை. அவரைக் காட்டிக் குடுத்துத்தான் நான் கஞ்சி குடிக்க வேணுமோ? உந்தக் கையெழுத்து உங்களுக்குக் கிடையாது. எனக்கு மேலை கேக்க இடமிருக்கோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ."

இருக்கிறது என்று அந்தப் பெண் வாயால் சொல்லவில்லை. ஜெயதீபன்தான், பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு செய்யலாம் என்று மெதுவாகச் சொன்னான். தர்சிகா மிஸ் அவனைப் பார்த்த பார்வையில் அவன் மறுபடி போனுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

மேன்முறையீட்டுக்கு யசிந்தாவோடு செபஸ்தியம்மாவும் போனாள். செபஸ்தியம்மா பக்கத்து வீடு. கொம்பனியில் பக்கத்து மேசை. யசிந்தாவைவிடப் பத்து வயது மூத்தவள், வாயும் அதற்கு ஏற்ற மாதிரி. அவளுடைய கொடுப்பனவை இன்னும் வெட்டவில்லை. கயிறு பிடிக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் படத்தில் முகம் விழவில்லை. "கடவுள் எனக்கு முதுகைப் பெருசாப் படைச்சது ஒண்டுக்குத்தான் உதவியிருக்கு" என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

செயலகத்து உத்தியோகத்தர் களைத்த மனிதர். முழுவதையும் கேட்டார். தலையையும் ஆட்டினார். பிறகு தனக்குச் சட்டம் கொடுத்திருக்கிற வழி ஒன்றுதான் என்று சொன்னார். ஒரு மாதம் நன்னடத்தைக் காலம். அந்த மாதத்தில் யசிந்தா கயிறோ வலையோ மீனோ தொட்டதாக அறிக்கை வரக்கூடாது. வராவிட்டால் நிப்பாட்டின கொடுப்பனவு முழுவதும் திரும்பி வரும். வந்தால் பெயர் அடியோடு வெட்டுப்படும், பிறகு எங்கே போயும் கேட்க முடியாது.

"நன்னடத்தை எண்டு சிறையிலை கிடக்கிற மறியல்காரருக்கெல்லோ சொல்லுறது?" என்றாள் செபஸ்தியம்மா. "இவள் ஆரைக் குத்தினவள்?"

உத்தியோகத்தர் அந்தக் கேள்வியை எழுதிக்கொள்ளவில்லை.

வீட்டில் கனிசியஸ் எல்லாவற்றையும் கிடந்தபடியே கேட்டான். அவனுடைய பேச்சு இப்போது வாயின் ஒரு பக்கத்தால்தான் வரும். ஒருகாலத்தில் சிமியோனின் போட்டில் முன்பக்கத்து அணியத்தில் நின்று கயிறு எறிந்தவன் அவன்.

"ஒரு மாசம்தானே. கரைப்பக்கம் போகாதை" என்றான்.

"போகமாட்டன்."

"எனக்காண்டி எண்டு நினைச்சுக்கொள்ளு."

"உங்களுக்காண்டித்தான் எல்லாம். ஆஸ்பத்திரியிலை இல்லாத குளிசையை வெளியிலை வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருகினம். அதை என்ன சூடை மீனைக் குடுத்தே வாங்கிறது?" என்று சொல்லிவிட்டு, சொன்ன சூட்டுக்கு அவனுடைய காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள்.

அவள் போகவில்லை. இஞ்சின் சத்தம் கேட்டால் அடுப்படிக்குள் போய் ஏதாவது ஒரு சட்டியை எடுத்துத் தேய்ப்பாள். கதை கரை முழுக்கப் பரவியிருந்தது. கொடுப்பனவு எடுக்கிற மற்றப் பெண்களும் பயந்து கரைக்கு வருவதை விட்டுவிட்டார்கள். இஞ்சின் சத்தம் கேட்டதும் ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். யாருக்காவது அரியண்டம் பிடித்த நோய் வந்தால் அயல் கதவைச் சாத்துமே, அப்படி. சிமியோனும் அவருடைய கூட்டாளி இன்னாசித்தம்பியும், இரண்டு பேருமே அறுபதைத் தாண்டியவர்கள், போட்டை மணலில் அரைவாசி ஏற்றிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். அதை யசிந்தா அடுப்படி ஓட்டையால் பார்ப்பாள். பார்த்துவிட்டு இன்னும் பலமாகச் சட்டியைத் தேய்ப்பாள். ஒரு நாள் சட்டியின் கைபிடியே கழன்று போனது.

ஒரு பின்னேரம் சிமியோன் தானே வேலிப் படலைக்கு வந்துவிட்டார். கையில் ஈர்க்கில் கோத்த விளைமீன் இரண்டு.

"பிள்ளை, கனிசியஸுக்கு விளைமீன் எண்டால் பிடிக்கும். அவிச்சுக் குடு."

யசிந்தா படலையைத் திறக்கவில்லை. வெளியே போகிற ஒழுங்கையின் இந்தத் தலைப்பையும் அந்தத் தலைப்பையும் பார்த்தாள். எந்த வேலிக்குப் பின்னால் எவன் போனோடு நிற்கிறானோ யார் கண்டது.

"அண்ணை, இப்ப வேண்டாம். இந்த மாசம் முடியட்டும்."

"நீ இப்ப கயிறு பிடிக்கேல்லையே. இது சும்மா தாறது."

"சும்மா தந்தது எண்டு படத்திலை தெரியாது அண்ணை."

அந்தக் கரையில் மீனைக் கொண்டுவந்து கொடுக்கிறவரைப் படலையில் மறித்து அனுப்புவது முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மீனைத் திருப்பிக்கொண்டு போகவும் மனமில்லாமல், போகிற வழியில் பூனைக்கு எறிந்துவிட்டுப் போனார். யசிந்தா உள்ளே வந்து விறாந்தை நிலத்தில் இருந்து கத்தி அழுதாள். தர்சிகா மிஸ்ஸின் பரம்பரையையே ஒருதரம் திட்டித் தீர்த்தாள். கனிசியஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மாதம் முடிகிற நாள் வந்தது. வாடைக்காற்று முதல் நாளே எழும்பியிருந்தது. கடல் கலங்கி மண் நிறமாகக் கிடந்தது. அலை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்து கரையை வெட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தொழிலுக்குப் போயிருக்கக் கூடாது. ஆனால் வலையை முதல் நாள் கடலில் விட்டுவிட்டு வந்தவன் என்ன செய்வான்? விடியக் காற்றுக் கொஞ்சம் அடங்கின நேரம் பார்த்து வலையை எடுக்கச் சிமியோனும் இன்னாசித்தம்பியும் போயிருந்தார்கள்.

பத்து மணிபோல ஜெயதீபன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கடைசிப் பரிசோதனை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே கரைப்பக்கம் போய், கவிழ்த்து வைத்திருந்த பழைய வள்ளம் ஒன்றில் இருந்துகொண்டான். மணலுக்குள் சப்பாத்துப் புதையாமல் காலை மேலே தூக்கி வைத்திருந்தான்.

"எமன் வந்து குந்தியிருக்கிறான்" என்று வேலிக்கு மேலால் செபஸ்தியம்மா சொன்னாள். "இண்டைக்கு மட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டிரு. பின்னேரம் அவன் போயிடுவான்."

"நான் படலை தாண்டமாட்டன் அக்கா."

அப்படிச் சொன்னவள்தான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தும் இருந்தாள்.

இஞ்சின் சத்தம் வந்தது. வந்து, நடுவில் விக்கி, நின்றுவிட்டது. யசிந்தா அடுப்படிக்குள் போகவில்லை. படலைக்கு ஓடிவந்து பார்த்தாள். போட் கரைக்குக் கிட்ட வந்துவிட்டது, ஆனால் இஞ்சின் ஓடவில்லை. அலை அதைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டிருந்தது. நனைந்த வலை முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. இன்னாசித்தம்பி தண்ணீருக்குள் குதித்து அணியத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டு கரையை நோக்கி வந்தார். சிமியோன் கரைப்பக்கமாகக் குதித்துப் போட்டை நேராக்கத் தோள் கொடுத்தார். கரைக்கும் போட்டுக்கும் நடுவில் நின்றார் மனிதர்! அடுத்த அலை தூக்கிக் கொண்டுவந்து அடித்தால் போட் அவர் நெஞ்சின்மேல்தான் ஏறும்.

"கயிறு! கயிறு பிடியுங்கோ!" என்று இன்னாசித்தம்பி கத்தினார்.

கரையில் நின்றது ஒரே ஒரு ஆள். அவன் வள்ளத்திலிருந்து எழும்பி நின்றான். கையில் போன் இருந்தது. என்ன செய்கிறதென்று தெரியாமல் ஒரு அடி முன்னால் வைத்தான், அலை வரப் பின்னால் வைத்தான்.

வேலிகளுக்குப் பின்னால் கதவுகள் திறந்தன. முகங்கள் தெரிந்தன. எல்லா முகமும் முதலில் ஜெயதீபனைப் பார்த்தது, பிறகு போட்டைப் பார்த்தது, பிறகு மறுபடி ஜெயதீபனைப் பார்த்தது. அட கடவுளே, மனிதனை என்ன நிலைக்குக் கொண்டுவந்து விட்டார்கள்! கண்ணுக்கு முன்னால் ஒருவன் சாகப் போகிறான், ஓடலாமா கூடாதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

யசிந்தாவுக்கும் அந்த யோசனை வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். குளிசைப் பெட்டி வந்தது, அரிசிப் பானை வந்தது, இன்றைக்கு ஒரு நாள்தானே என்பதும் வந்தது. அப்போது அலை எழும்புவதைக் கண்டாள். படலை பறந்து திறந்தது. நைற்றியைச் செருகக்கூட நேரமில்லை, அப்படியே ஓடித் தண்ணீருக்குள் இறங்கிக் கயிற்றைப் பிடித்தாள். பிடித்த பிடியில் கையின் தோல் உரிந்தது.

"வாங்கோடி!" என்று திரும்பிக் கத்தினாள். "என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அந்த மனுசன் செத்தால் உங்கடை கொடுப்பனவிலை சவப்பெட்டி வாங்குவியளோ?"

செபஸ்தியம்மா வேலியைச் சுற்றி வரவில்லை, வேலியைப் பிரித்துக்கொண்டே வந்தாள். பின்னால் கொம்பனிப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். கயிற்றில் கைகள் விழுந்தன. அலை வந்து அடித்தபோது போட் திரும்பி அணியம் கரையைப் பார்த்தது, சிமியோன் ஒரு பக்கமாக உருண்டு விழுந்து உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழும்பினார். பனங்குற்றியை அடியில் கொடுத்து, தோளைக் கொடுத்து, வாய்க்கு வந்த எல்லாப் புனிதரையும் கூப்பிட்டு, போட்டை உலர்ந்த மணலுக்கு ஏற்றிவிட்டார்கள்.

பிறகுதான் எல்லாருக்கும் அவனுடைய ஞாபகம் வந்தது. ஜெயதீபன் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். படம் எடுத்திருந்தான். பழக்கம் அப்படி.

சிமியோன் மீன்பெட்டியைத் திறந்தார். மீனைக் கையில் அள்ளினார். அள்ளின கை நடுவழியில் நின்றது. அவரும் அவனைத்தான் பார்த்தார்.

யசிந்தா போய் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். "தாங்கோ அண்ணை. போனமுறை படலையிலை மறிச்சதுக்கும் சேர்த்துத் தாங்கோ."

அவர் கொடுத்தார். கறிக்கு நாலு சூடை. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது, உப்புத் தண்ணீர் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

ஜெயதீபன் கிட்ட வந்தான். சப்பாத்து நனைந்து சேறாகியிருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, "அம்மா, நான் வேணுமெண்டு எடுக்கேல்லை. இந்தப் படம் நிலையத்துக்குப் போனால் உங்களுக்கு இனி ஒண்டும் வராது. நான் இதை அழிச்சுவிடுறன். இண்டைக்கு ஒண்டும் பாக்கேல்லை எண்டு எழுதிறன். ஒருத்தருக்கும் தெரியவராது" என்றான்.

நல்ல மனதோடுதான் சொன்னான். பக்கத்தில் நின்ற செபஸ்தியம்மாவுக்குக் காது நல்ல கூர்மை. "அழிக்கட்டும் யசிந்தா. அழிக்கச் சொல்லு" என்று முழங்கையால் இடித்தாள்.

யசிந்தா மீனைக் கையில் ஏந்தியபடி நின்றாள். மாதம் முழுவதும் ஒழுங்கையின் இரண்டு தலைப்பையும் பார்த்துப் பார்த்து நடந்த நடை அவளுக்கு நினைவில் வந்தது. இந்தப் படத்தை அழித்தால் கொடுப்பனவு வரும். வாழ்நாள் முழுவதும் இவனுக்கு ஒரு நன்றியும் வரும். இனி எப்போது போட் வந்தாலும் முதலில் வேலியைப் பார்த்துவிட்டுத்தான் கயிறு பிடிக்க வேண்டும்.

"அழியாதையும்" என்றாள்.

"அம்மா?"

"அழிக்க வேண்டாம் எண்டு சொல்லுறன். களவெடுத்தவன்தான் அழிக்கச் சொல்லுவான். நான் என்ன களவெடுத்தனான்? கொம்பனியைப் பூட்டிப்போட்டு ஓடினவனை நீங்கள் ஒருத்தரும் படமெடுக்கேல்லை. கடலுக்குள்ளை நிண்ட மனுசனை வெளியிலை இழுத்த என்னைப் படமெடுக்கிறியள். எடுத்தால் எடுத்ததுதான். அனுப்பும்."

"அனுப்பினால் பெயர் வெட்டுப்படும். பிறகு ஒரு இடத்திலையும் கேக்கேலாது."

"ஆர் சொன்னது கேக்கேலாது எண்டு? நாளைக்கு இவையள் எல்லாரோடையும் செயலகத்துக்குப் போவன். அந்தப் படத்தைப் பெருசாக்கி அந்த ஐயாவின்ரை மேசையிலை வைச்சு, இதிலை எது குற்றமெண்டு விரலை வைச்சுக் காட்டுங்கோ எண்டு கேப்பன். அவர் காட்டாட்டில் அவருக்கு மேலை உள்ளவரைக் கேப்பன். அழிச்சால் நான் எதை வைச்சுக் கேக்கிறது?"

"என்ரை மூஞ்சையும் அதிலை விழுந்ததோ தம்பி?" என்று கேட்டாள் செபஸ்தியம்மா.

அவன் திரையைப் பார்த்தான். "ஓம். இந்தமுறை வடிவா விழுந்திருக்கு."

"நாசமாப் போச்சு" என்றாள் அவள். பிறகு நீளமாக மூச்சை விட்டு, "சரி, அனுப்பு. இவளைத் தனிய விட்டால் செயலகத்திலை ஆரையாவது அடிச்சுப்போடுவாள்" என்று சொன்னாள்.

போனில் ஜெயதீபனின் விரல் அழிக்கிற இடத்துக்கும் அனுப்புகிற இடத்துக்கும் நடுவில் நின்றது. கயிறு பிடித்த பெண்கள் ஒருவரும் நகரவில்லை, நைற்றிகளிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவனைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யசிந்தா அவனுடைய கண்ணை நேரே பார்த்தாள்.

"அனுப்பிற இடத்தை அமத்தும் தம்பி" என்றாள்.

அவன் அமத்தினான்.